கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே யார்?

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை "வேர்களைத் தேடி" என்று ஏதாவது பேசுங்கள் என்றார். நான் பௌதிகம் படித்தவன். பிறகு முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவன். பௌதிகம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்பது. ஃபைல் சொல்லிக் கொடுத்தது, எழுதி வைக்காத எதுவும் நிற்காது என்பது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நம் முன்னோர்களை, குறிப்பாக வெள்ளைக்காரர் காலத்து முன்னோர்களை, எப்படித் தேடுவது என்று சொல்லப் போகிறேன்.

முதலில் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுப்போம். அபிவாதயே சொல்லும்போது பிரவர ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், வேதம் எல்லாம் வந்துவிடுகின்றன. அது மேல் முனை. அமாவாசை தர்ப்பணத்தில் பன்னிரண்டு பெயர்கள் வருகின்றன. அது கீழ் முனை. இடையில் இருப்பவர்கள் யார்? அங்கேதான் காலி இடம்.

அந்தப் பன்னிரண்டு பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவர். அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி மூவர். அம்மாவின் அப்பா, அவருடைய அப்பா, அவருடைய தாத்தா மூவர். அவர்களுடைய பத்தினிகள் மூவர். அப்பா வழியில் நமக்கு மேலே மூன்று தலைமுறைதான் போகிறோம். அம்மா வழியில் நான்கு தலைமுறை போகிறோம்! பல வருஷம் தர்ப்பணம் செய்பவர்கள்கூட இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் ஒவ்வொருவருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று மொத்தம் எட்டுப் பேர். அதில் நான்கு பேர்தான் தர்ப்பணத்தில் வருகிறார்கள். பாட்டிகள் இருவரின் பிறந்தகம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஆறு பெண்களின் பெயரை மூன்று நான்கு தலைமுறைக்கு அது காப்பாற்றி வைத்திருக்கிறது. சர்க்கார் ரிக்கார்டு இந்த வேலையைச் செய்யவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா பெரும்பாலும் 1860களில் பிறந்தவராக இருப்பார். அதாவது நம் ஞாபகம் தீர்ந்து போகும் இடத்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் காகிதம் தடிமனாகத் தொடங்குகிறது. இரண்டையும் ஒட்ட வைக்கத் தெரிந்தால் போதும்.

நுங்கம்பாக்கத்து ஆசாரியார்

அப்படி ஒட்ட வைத்து மீட்கப்பட்ட ஒரு மனிதரின் கதையை உதாரணமாகச் சொல்கிறேன். சிந்தாமணி ரகுநாதாசாரி என்று பெயர். மெட்ராஸ் வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர்.

அந்த வானாய்வகத்துக்கே ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சொந்த முயற்சியில் தொடங்கியது. 1792இல் கம்பெனியின் வானாய்வகமாக நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழும்பியது. அன்று கருவிகளைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் சென்னை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். சென்னை போனால் பாருங்கள்.

1861இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அங்கே சர்க்கார் வானியலாளராக வந்தார். அவருக்குக் கீழே இருந்தவர்தான் நம் ரகுநாதாசாரி. வேலை என்ன? நட்சத்திரம் உச்ச ரேகையைக் கடக்கும் நொடியைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறிக்க வேண்டும். இரவுக்கு இரவு இதே வேலை. 1862 முதல் 1887 வரை அங்கே நடந்த இந்த அளவீடுகளிலிருந்து 5,303 நட்சத்திரங்களின் பட்டியல் பின்னால் தயாரானது. பட்டியலுக்குப் பின்னால் எத்தனை பேர் தூக்கம் கெட்டது என்று எந்தப் பட்டியலிலும் இருக்காது.

1867 ஜனவரியில், நம் கணக்குப்படி அட்சய வருஷத்தில், அவர் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். சுமார் 278 நாளுக்கு ஒரு முறை பிரகாசமாகி, மங்கி, மறுபடி பிரகாசமாகும் நட்சத்திரம். அது வானத்தின் தென்கோடியில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் மிக உயரத்தில் வரும்போதுகூடத் தொடுவானத்துக்கு மேலே 14 டிகிரிதான். புழுதியும் ஈரப்பதமும் அதிகமாக இருக்கும் அந்த உயரத்தில் ஒரு நட்சத்திரம் மங்குகிறது என்றால், அது காற்றின் வேலையா, நட்சத்திரத்தின் வேலையா என்று சொல்ல எத்தனை நிதானம் வேண்டும்!

1868 ஆகஸ்ட் 18 பூர்ண சூரிய கிரகணத்துக்கு, ஹீலியம் என்று பின்னால் பெயர் வைத்த தனிமத்தின் ஒளிக்கோடு முதலில் கண்ணில் பட்ட அந்தப் புகழ்பெற்ற கிரகணத்துக்கு, போக்சன் மசூலிப்பட்டினம் போனார். நிஜாம் ராஜ்யத்தில் இருந்த வனபர்த்திக்கு ஒரு குழுவுடன் ரகுநாதாசாரி போனார். 1872இல் லண்டன் ராயல் அஸ்ட்ரானமிகல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரியதாகத் தோன்றுவது வேறு. 1874 டிசம்பர் 9ஆம் தேதி சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போனபோது, உலகமெங்கும் சூரியனின் தூரத்தை அளக்கப் படையெடுத்தார்கள். அந்த நிகழ்ச்சியைச் சாதாரண ஜனங்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ரகுநாதாசாரி உரையாடல் நடையில் ஒரு சிறு நூல் எழுதினார். கன்னடம், உருது, ஆங்கிலம் என்று பல மொழிகளில் அது வெளிவந்தது. நம்மவர்களுக்குப் பயிற்சி தர நவீன வானாய்வகம் ஒன்று வேண்டும் என்று பேசினார். வானத்தைப் பார்த்துச் சரிபார்த்த கணிதத்தின்படி திருக்கணித பஞ்சாங்கம் போட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்று இன்றைக்கும் நம் வீடுகளில் ஏகாதசிக்கும் கிரகணத்துக்கும் சண்டை வருகிறதே, அதில் ஒரு பக்கத்தை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்தவர் அவர். பகலில் பஞ்சாங்கம், இரவில் தொலைநோக்கி. 1880 பிப்ரவரியில் காலமானார்.

இத்தனை விவரமும் எங்கிருந்து கிடைத்தது? பெங்களூர் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த என். காமேஸ்வர ராவ் அவர்களும் அவருடைய சக ஆய்வாளர்களும் தேடி எடுத்தார்கள். மெட்ராஸ் வானாய்வகத்தின் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்குப் போயின. அந்தப் பழைய காகிதங்களும் நூல்களும் இன்று அந்த நிறுவனத்தின் வசம் இருக்கின்றன. ஆண்டறிக்கைகள், லண்டன் சொசைட்டி இதழ், சுக்கிரனைப் பற்றிய அந்தச் சிறு நூல், பஞ்சாங்கம் என்று துண்டு துண்டாகச் சேர்த்து 2009இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்ததில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது.

ஒன்று, பெயரின் எழுத்துக் கூட்டல். ஆங்கிலக் காகிதங்களில் அவர் "ரகூநாத சாரி" என்று தெரிகிற மாதிரி விசித்திரமான எழுத்தில் இருப்பார். இன்று நாம் ரகுநாதாச்சாரி என்று எழுதும் எழுத்தில் தேடினால் கிடைக்கவே மாட்டார். ஐயர் என்பதற்கே ஆங்கிலத்தில் நான்கைந்து கூட்டல் உண்டு. தஞ்சாவூர் டாஞ்ஜூர், திருச்சி டிரிச்சினாபொலி, கும்பகோணம் கோம்பகோனம். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பான். அவன் காதால் கேட்கப் பழகினால் நம் தாத்தா அகப்படுவார்.

இரண்டு, ஆளைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள். தனி மனிதருக்கு என்று ஃபைல் இருக்காது. ஆனால் ஆபீசுக்கு ஆண்டறிக்கை இருக்கும், சம்பளப் பட்டியல் இருக்கும்.

மூன்று, ஆபீஸ் காகிதம் மனிதரை ஆபீஸ் வாசலோடு விட்டுவிடும். எந்த இரவு எந்த நட்சத்திரத்தைப் பார்த்தார் என்று அச்சில் இருக்கிறது. விடியற்காலையில் வீட்டுக்கு வந்தவருக்குக் காபியோ கஞ்சியோ கொடுத்தது யார் என்று அங்கே யாரும் எழுதவில்லை. அது வீட்டார் எழுத வேண்டிய பகுதி.

எங்கே தேடுவது?

என் கொள்ளுத்தாத்தா நட்சத்திரம் எல்லாம் கண்டுபிடிக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பரவாயில்லை. சாதாரண ஆசாமிகளும் காகிதத்தில் இருக்கிறார்கள்.

நிலம் இருந்த குடும்பம் என்றால் இனாம் பதிவேடு. மெட்ராஸ் ராஜதானியில் 1858இல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். ராஜாக்கள் காலத்தில் பிராமணர்களுக்கும் கோவில்களுக்கும் சத்திரங்களுக்கும் விட்ட மானியங்களைக் கிராமம் கிராமமாக விசாரித்தார்கள். முதலில் மானியம் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், வயது என்ன, அவருக்கு இவர் என்ன உறவு என்றெல்லாம் எழுதினார்கள். உறவு முறையை சர்க்காரே எழுதி வைத்த ஆவணம் இது! சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். போகும்போது ஊர் பெயர், தாலுகா பெயர் கையில் இருக்க வேண்டும். பழைய தாலுகா, பழைய ஜில்லா. மயிலாடுதுறை என்று கேட்டால் கிடைக்காது, மாயவரம்.

நிலம் கைமாறியிருந்தால் கிரயப் பத்திரம். 1860களில் பதிவுச் சட்டம் வந்த பிறகு சப்-ரிஜிஸ்தரார் ஆபீசில் நகல் உண்டு. பழைய பத்திரங்களில் இன்ன கிராமம், இன்னார் குமாரர், இன்ன ஜீவனம் என்று விலாவாரியாக எழுதியிருப்பார்கள். அடமானப் பத்திரங்களையும் படியுங்கள். எந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு எந்த வயல் போயிற்று என்று அங்கேதான் தெரியும்.

காலேஜில் படித்தவர் என்றால் மெட்ராஸ் சர்வகலாசாலையின் பழைய காலண்டர்கள். 1857இல் தொடங்கிய சர்வகலாசாலை அது. பட்டம் பெற்றவர்களின் பெயரை அச்சிட்டு வந்தார்கள். சர்க்கார் உத்தியோகம் என்றால் சிவில் லிஸ்ட்.

"எங்கள் கொள்ளுத்தாத்தா கலெக்டர்" என்று சொல்கிறவர்கள் சிவில் லிஸ்டை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராகவோ ரைட்டராகவோ இருந்திருப்பார். அதில் என்ன குறைவு? துரை கையெழுத்துப் போட்டார், சிரஸ்தார்தான் ராஜ்யத்தை நடத்தினார். சர்க்காரில் இருந்த நமக்குத் தெரியாதா!

தில்லியில் இருக்கும் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1891இல் கல்கத்தாவில் தொடங்கி, பின்னால் தில்லிக்கு வந்தது. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவித்த பிறகு, கணக்குத் தெரிந்த, டைப்பும் சுருக்கெழுத்தும் கற்ற மெட்ராஸ்காரர்கள் எத்தனை பேர் இங்கே வந்தார்கள்! கோடையில் சிம்லா, குளிரில் தில்லி. அவர்கள் குழந்தைகளுக்காக 1923இல் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் தொடங்கிய பள்ளிதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் ஆரம்பம். அந்த முதல் தலைமுறையின் இலாகாக்களைப் பற்றிய காகிதங்கள் ஜன்பத்தில் இருக்கின்றன. காப்பகத்தின் "அபிலேக் படல்" என்ற இணைய தளத்தில் வீட்டிலிருந்தே கொஞ்சம் தேடலாம். பேரனைக் கூப்பிட்டால் செய்து கொடுப்பான்.

ஹரித்வார், கயை, காசி போகிறவர்கள் பண்டாவின் வஹியைக் கேளுங்கள். யாத்திரை வந்தவர் தன் பெயர், ஊர், தகப்பனார் பெயர் சொல்லி எழுத வைத்த புத்தகம். ஹரித்வார் வஹிகளை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வம்சாவளிச் சங்கத்தார் 1970களின் கடைசியிலிருந்து மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த அருமை நமக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு இடத்தில் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் 1841லிருந்து ஜனத்தொகைக் கணக்கில் வீடு வீடாகப் பெயர் இருக்கிறது. இங்கே 1881இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை எண்ணினார்கள். மொத்தத் தொகையை அச்சிட்டார்கள். ஆள் பெயர் எழுதிய படிவங்களைப் பாதுகாக்கவில்லை.

ஜாதகம் என்னும் ஆவணம்

இப்போது வீட்டுப் பரணில் இருக்கும் ஆவணத்துக்கு வருகிறேன். பழைய ஜாதகம். ஓலையோ, நோட்டுப் புத்தகமோ. தமிழ் எண்களும் கிரந்தமும் கலந்து இருக்கும். "பிரபவ வருஷம்" என்று எழுதியிருந்தால் அது 1867-68ஆ, 1927-28ஆ? அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் வரும்.

குரு, சனி இருக்கும் ராசியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். முடியாது. சனி அறுபது வருஷத்தில் இரண்டு சுற்று முடித்து 13 டிகிரிதான் தள்ளியிருக்கும். குரு ஐந்து சுற்று முடித்து 21 டிகிரிதான் தள்ளியிருக்கும். அதே ராசி, இல்லாவிட்டால் அடுத்த ராசி. அறுபது வருஷச் சக்கரமே இந்த இருவரை ஒட்டி அமைந்ததுதான். ஆனால் ராகு ஒரு சுற்றுக்கு 18.6 வருஷம் எடுத்துக்கொள்கிறது. அறுபது வருஷத்தில் மூன்று சுற்று போக, சுமார் 80 டிகிரி, கிட்டத்தட்ட மூன்று ராசி தள்ளியிருக்கும். ஆகவே ராகுவைப் பாருங்கள். கூடவே கிழமையையும் பாருங்கள். அறுபது வருஷம் கழித்து அதே தமிழ்த் தேதியின் கிழமை ஐந்து அல்லது ஆறு நாள் தள்ளி விழும். ராகுவும் கிழமையும் சேர்ந்து பொருந்தினால் வருஷம் உறுதி. ஜோசியத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் ஜாதகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வாசலில் இருந்த கடிகாரம் எதுவும் பதிந்து வைக்காத ஒரு நிமிஷத்தை அது பதிந்து வைத்திருக்கிறது.

அகப்படாதவர்கள்

இனி முன்னே சொன்ன விஷயம். பெண்கள். இனாம் பதிவேட்டில் அவர்கள் பெரும்பாலும் "இன்னாருடைய விதவை" என்றுதான் வருவார்கள். சிவில் லிஸ்டில் இல்லை, காலண்டரில் இல்லை. மெட்ராஸ் ராஜதானியில் 1899ஆம் வருஷச் சட்டத்தின்படி எழுதிய பிறப்புப் பதிவேடுகளில்கூட, "இன்னாருக்குப் பெண் குழந்தை" என்று மட்டும் எழுதி நிறுத்தியவை ஏராளம். பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பதிந்துவிடுவார்கள். என் அம்மா வழியில் ஒரு பாட்டியின் பெயர் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடத்தில்: வாத்தியாருக்குச் சொல்வதற்காக மாமா எழுதி வைத்திருந்த சிரார்த்த நோட்டில். அந்த நோட்டு பழைய பேப்பர்காரனுக்குப் போயிருந்தால் அந்த அம்மாள் பூமியில் இருந்ததற்கே அத்தாட்சி இல்லை.

தேடும்போது பிடிக்காத விஷயங்களும் கிடைக்கும். பத்து வயதில் விதவையான பெண் கிடைப்பாள். முதல் சம்சாரம் போன வருஷமே இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட தாத்தா கிடைப்பார். கடல் தாண்டிப் போனதற்காக ஒதுக்கி வைத்த சித்தப்பா கிடைப்பார். இனாம் நிலத்தை அனுபவித்தவர் பெயர் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அதை உழுதவர் பெயர் பல இடத்தில் இருக்காது. இவற்றை மறைத்துவிட்டு எழுதினால் அது வம்ச சரித்திரம் ஆகாது, கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். மங்கிய நட்சத்திரத்தை மங்கிற்று என்றே எழுதினார் ரகுநாதாசாரி. அதனால்தான் அது கண்டுபிடிப்பு ஆயிற்று.

கடைசியாக, வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய நாலு காரியம். முதலில் அந்தப் பன்னிரண்டு பெயர்களையும், தெரிந்த ஊர்களோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பேரக் குழந்தைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. கோபித்துப் பயனில்லை, அவர்களுக்குப் புரிகிற எழுத்திலும் எழுதுங்கள். இரண்டாவது, குடும்பத்தில் வயதானவர் யாரோ அவரிடம் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்யுங்கள். "நம் வம்சத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் ஒன்றும் வராது. "உங்க பாட்டி ஆத்துக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேளுங்கள், மடை திறந்த மாதிரி வரும். மூன்றாவது, பரணில் இருக்கும் ஜாதகம், பத்திரம், சர்வீஸ் புக், கடிதம் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று குறியுங்கள். போட்டோ ஆல்பத்துக்கும் இது பொருந்தும். பெயர் எழுதாத போட்டோ இரண்டு தலைமுறை கழித்து யாரோ ஒருவர் படம். நான்காவது, ஒரு பிரதி தம்பி வீட்டில், ஒரு பிரதி பெண் வீட்டில் இருக்கட்டும். பெண் வீட்டில் என்று அழுத்திச் சொல்கிறேன். அவள் பிறந்தகத்தின் பெயர்கள் அவளுக்கும் சொந்தம்.

மூன்றில் இரண்டு பங்கு வேலை இவ்வளவுதான். எழும்பூரும் ஜன்பத்தும் நாளைக்கும் இருக்கும். அங்கே இருக்கும் காகிதத்துக்கு அவசரம் இல்லை. கரோல்பாகிலும் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் தொண்ணூறு வயதில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமாக்களும் மாமிகளும்தான் அவசரம். அவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.

 கேள்வி இருந்தால் கேளுங்கள்; டிபன் ஆறிவிடும் என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார், ஆகையால் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். நமஸ்காரம்.